கன்னியாகுமரியில் இரண்டு நாள்: எங்கே சாப்பிடுவது, எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது

கேள்வி இது: ஈரோட்டிலிருந்து ஆறு பேர் (வயதான அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உட்பட) டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரி வருகிறார்கள். போன முறை படகு வரிசையிலேயே பாதி நாள் கழிந்துவிட்டது. சாப்பாடு சுமார். ஆசையாக வாங்கிய சங்கும் முத்துமாலையும் வீட்டுக்குப் போனதும் பல்லை இளித்துவிட்டன. இந்த முறை சாப்பாடு, கடைத்தெரு, மாலைப்பொழுது எல்லாவற்றையும் எப்படி அமைத்துக்கொள்வது?

முனையில் இருக்கும் கடைத்தெரு முழுக்க வெளியூர்க்காரர்களை நம்பி நடப்பது. குமரி மாவட்டத்துக்காரர்கள் சாப்பிடுவதும் சாமான் வாங்குவதும் அங்கே இல்லை. சுசீந்திரம், நாகர்கோவில், வடசேரி, தோவாளை என்று 20 கிலோமீட்டருக்குள் உள்ளே தள்ளி இருக்கிறது அவர்கள் உலகம். அதனால் முனையில் கடலையும் சூரியனையும் பாறையையும் பாருங்கள். வயிற்றுக்கும் பைக்கும் வேண்டியதை உள்ளே தேடுங்கள். போன முறை நடந்த பிழை பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படகை முதலில் முடித்துவிடுவோம், அது சரியானால் மற்றதெல்லாம் தானாக அமையும். டிசம்பர் கடைசி என்பது ஐயப்ப பக்தர்கள், அரையாண்டு விடுமுறை, புத்தாண்டு மூன்றும் ஒன்றாகக் கூடும் வாரம். அந்த நாட்களில் சூரியன் 6.30ஐ ஒட்டி எழும். பார்த்து முடித்த கையோடு அறைக்குத் திரும்பிக் குளித்துச் சாப்பிட்டு 10 மணிக்கு வரிசைக்கு வருவதுதான் எல்லோரும் செய்வது, வரிசை நீள்வதும் அதனால்தான். நீங்கள் உதயம் பார்த்துவிட்டு நேராகப் படகுத்துறைக்குப் போய்விடுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகு வழக்கமாக 8 மணிக்குத் தொடங்கும். இட்லிப் பொட்டலமும் தண்ணீரும் கையில் இருந்தால் வரிசையிலேயே காலைச் சாப்பாடு முடிந்துவிடும். சாதாரண வரிசை, கூடுதல் கட்டணச் சிறப்பு வரிசை என்று இரண்டு உண்டு. பெரியவர்கள் உடன் இருந்தால் இந்த வாரத்தில் சிறப்பு வரிசைக்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

விவேகானந்தர் பாறையில் (1970இல் திறந்தது) செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும். 11 மணிக்கு மேல் கல்தரை காலைச் சுடும். பெரியவர்களுக்குத் தடித்த காலுறை ஒரு ஜோடி கொண்டுவாருங்கள். முன்பெல்லாம் கடல் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டால் படகு திருவள்ளுவர் சிலைப் பாறைக்குப் போகாது, விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிடும். 2024 டிசம்பர் 30 அன்று இரு பாறைகளுக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஆனால் கரையிலிருந்து பாறைக்குப் படகுதான். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தாலோ, கடல் கொந்தளித்தாலோ சேவை மொத்தமாக நிற்கும். ஆகவே படகை முதல் நாள் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நின்றுபோனாலும் இரண்டாம் நாள் கையில் இருக்கும். சிலையின் 133 அடியில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. 38 அறத்துப்பால் அதிகாரங்கள், அந்த அடித்தளத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன. பிள்ளைகளிடம் மேலே ஏறும்முன் சொல்லுங்கள், எண்ணிக்கொண்டே ஏறுவார்கள்.

இனி சாப்பாடு. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூர்–கொச்சி. இலையில் அது இன்னும் தெரியும். சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, தேங்காயெண்ணெய், அரைத்த தேங்காய், அவியல், துவரன், எரிசேரி, புளிசேரி. சோறு பருமனாக இருக்கும். கொங்குப் பக்கத்து நாக்குக்கு முதல் கவளம் பழக்கமில்லாமல் இருக்கலாம். குழம்பை ஊற்றியதும் உறிஞ்சும் சோறு இல்லை, குழம்பைத் தன்மேல் பூசிக்கொள்ளும் சோறு. அதற்கேற்றபடியே இங்கே குழம்பு கட்டியாக இருக்கும். வெள்ளைச் சோறு வாங்கிக்கொண்டு குமரி மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு 'கெட்டியாக இருக்கிறது' என்று குறை சொல்பவர்கள் பலர். குறை சோற்றைத் தேர்ந்ததில். விருந்துச் சாப்பாடு கிடைத்தால் இன்னொன்றும் கவனியுங்கள்: பாயசம் கடைசியில் வராது, ரசத்துக்கும் மோருக்கும் முன்னால் வரும். இனிப்பை ரசமும் மோரும் கழுவிவிட வேண்டும் என்பது கணக்கு. பாயசத்தோடு போளி வைத்தால் அதன்மேல் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள்.

கடையைத் தேர்வது எப்படி? மதியம் 12.30க்கும் 1.30க்கும் நடுவே உள்ளூர் ஆட்டோக்கள் எந்த வாசலில் நிற்கின்றன என்று பாருங்கள். வடஇந்தியத் தாலி, நூடுல்ஸ், பிரியாணி, மீன் சாப்பாடு நான்கும் ஒரே பலகையில் இருந்தால் மீன் அந்தக் கடையின் முதல் அக்கறை இல்லை. 'இன்றைக்கு என்ன மீன்?' என்று கேளுங்கள். 'சாளை இருக்கு, அயிலை இருக்கு, விளமீன் தீர்ந்துபோச்சு' என்று பதில் வந்தால் உட்காரலாம். வருடம் 365 நாளும் நெய்மீன் இருக்கிறது என்று சொல்லும் கடையில் மீன் வருவது ஐஸ்பெட்டியிலிருந்து. நெய்மீன் என்பது உங்கள் ஊர் வஞ்சிரம். சாளை மத்தி. சூரை என்றால் சிவந்த சதையுள்ள டூனா. அயிலை கானாங்கெளுத்தி. இந்தப் பெயர்கள் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள்.

மீன் தடைக்காலம் இந்த மாவட்டத்தில் இரண்டு. கிழக்குக் கரையில், அதாவது சின்னமுட்டம் துறைமுகத்தில், விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாது. மேற்குக் கரையில், குளச்சல், முட்டம் பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் முதல் 14 நாள் இரண்டு கரையும் அடைப்பு. அப்போது நாட்டுப்படகுக்காரர்கள் பிடிக்கும் சின்ன மீன்தான் புதிது. பெரிய துண்டு மீன் கேட்டால் பழையது வரும். நீங்கள் வருவது டிசம்பர் என்பதால் இந்தக் கவலை இல்லை, ஆனால் கோடையில் வருகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மீன் கெட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை விரிவாகவே சொல்கிறேன், பிள்ளைகள் வருகிறார்கள். சூரை, அயிலை, சாளை மூன்றும் பிடித்த பிறகு ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அது கொதியில் அழியாது, பொரித்தாலும் அழியாது. சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும், உடம்பில் தடிப்பு எழும்பும், தலை வலிக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கு. பலர் இதை 'மீன் அலர்ஜி' என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை விட்டுவிடுகிறார்கள். அலர்ஜி அல்ல, அந்த ஒரு மீன் வெயிலில் கிடந்தது. வாயில் வைத்ததும் மிளகு போலச் சுருக்கென்று நாக்கில் குத்தினால், மசாலா காரம் என்று எண்ணாமல் துப்பிவிடுங்கள். மூச்சுத்திணறினால் உடனே மருத்துவமனை. கடற்கரையோரம் மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைத்திருக்கும் மீனில் கண்ணும் செவுளும் தெரியாது, செம்மசாலா எல்லாவற்றையும் மூடிவிடும். மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் புடைத்துத் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். எடை போட்டு விற்கும் இடத்தில், சுத்தம் செய்வதற்கு முன் எடையா, பின் எடையா, சமைக்கும் கூலி தனியா என்று பொரிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். சண்டை வருவது எப்போதும் பில்லில்தான்.

தேடிச் சாப்பிட வேண்டியவை சில. மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும்: மரவள்ளியைத்தான் இங்கே மரச்சீனி என்பார்கள். வேகவைத்த முதல் தண்ணீரை வடித்துக் கொட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். கசந்தால் சாப்பிட வேண்டாம். மீன் அவியல்: சின்ன மீனும் மாங்காயும் பச்சைத் தேங்காய் அரைப்பும், கடைசியில் சொட்டுத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். இது எல்லாக் கடையிலும் இராது. இருந்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். காலையில் புட்டு, பயறு, பப்படம், பழம், நான்கையும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவது முறை. மாலையில் நாகர்கோவிலில் ரசவடை: பருப்புவடையை ரசத்தில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். வடை நடுவரை ஊறியிருக்க வேண்டும், ஆனால் கரண்டியில் உடையக் கூடாது. பழம்பொரிக்கு ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) நன்றாகப் பழுத்துத் தோலில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்க வேண்டும். அரைப்பழத்தில் செய்தால் மாவு மட்டும்தான் இனிக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தால் கருப்பட்டிக் காப்பி 'ஒன்றும் செய்யாது' என்று சொல்லிக் கொடுப்பதை நம்ப வேண்டாம். கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும்.

கடைத்தெருவுக்கு வருவோம். உங்கள் மனவருத்தம் இதில்தான் அதிகம்.

சங்கு. வலம்புரிச் சங்கு என்று முனையில் குறைந்த விலைக்கு விற்பதில் பெரும்பகுதி நம் கடற்சங்கே அல்ல. அமெரிக்கக் கடலில் இயல்பாகவே வலம்புரியாகச் சுருண்டிருக்கும் வேறொரு கடல்நத்தை இனம் உண்டு, அதைப் பாலிஷ் போட்டு விற்கிறார்கள். சங்கின் கூர்மையான வால்முனை மேலே, சுருள் உச்சி கீழே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படிப் பிடியுங்கள். வாய் வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. அதோடு நிறுத்தாமல் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். உண்மையான சங்கில் அந்தத் தண்டின்மேல் மூன்று நான்கு வரம்புகள் தடிப்பாகத் தட்டுப்படும். மற்றதில் தண்டு வழவழவென்று இருக்கும். காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்பது சோதனை அல்ல, குழிவான எந்தப் பாத்திரத்தை வைத்தாலும் கேட்கும். சாதாரண ஊதுசங்கு வாங்கினால் கடையிலேயே ஊதிப் பாருங்கள், வெட்டிய விளிம்பு உதட்டைக் கிழிக்காமல் மழுங்கியிருக்க வேண்டும். வீட்டில் அழுக்கு எடுக்க வினிகர், எலுமிச்சை பயன்படுத்தாதீர்கள். சங்கு சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் அரித்து மங்கிப்போகும். உங்கள் சங்கு பொலிவிழந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இளஞ்சூட்டு நீரும் கொஞ்சம் சோப்பும் போதும்.

வாங்கவே கூடாதவையும் கடைகளில் தொங்கும். பவளப்பாறைத் துண்டு, கடல்விசிறி, காய்ந்த கடற்குதிரை, வரிவரியான நாட்டிலஸ் ஓடு, பெரிய மட்டிச்சிப்பி. இவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கடைக்காரர் பில் கொடுத்தாலும் அது அனுமதி ஆகாது; பையோடு பிடிபடுவது நீங்கள். அது மட்டுமல்ல, பவளம் ஒன்றை உடைத்தெடுத்தால் அங்கே அடைந்திருந்த மீன்குஞ்சுகளுக்கு வீடு போகிறது. இந்தக் கடலை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது நேரடி நட்டம்.

முத்துமாலைக்கு ஒரே சோதனை: இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று உரசுங்கள். நிஜ முத்து நறநறக்கும், கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கும். துளையின் விளிம்பில் பூச்சு உரிந்து வேறு நிறம் தெரிந்தால் பேச்சே இல்லை. அழகுக்குப் போட அதுவும் போதும் என்றால் அந்த விலைக்கு வாங்குங்கள், முத்து விலைக்கு வேண்டாம்.

வண்ண மணல் பொட்டலத்தில் ஒரு கதை இருக்கிறது. சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை வர நேரமாகி, பொழுது விடிந்து, குமரி அம்மன் திருமணம் நின்றுபோக, சமைக்காத அரிசியும் தானியமும் மணலாயின என்பார்கள். நிஜத்தில் சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். கரையில் இயற்கையாகக் கிடைப்பவை இந்தச் சிவப்பு, கறுப்பு, பழுப்பு, வெள்ளை நிறங்கள்தான். பச்சையும் ஊதாவும் சாயம். ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் வெளுத்துவிடும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? மட்டிப்பழம் முதலில். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டி. விரல் அளவுக் காய், தோல் மெல்லிசு, மணம் அறை முழுக்கப் பரவும். குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கும் பழம் இங்கே இதுதான். பழமாக வாங்கினால் ஈரோடு போவதற்குள் நசுங்கும். பாதி பழுத்த சீப்பாக வாங்கி, பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். வடசேரிச் சந்தையில் ஏத்தன், செந்துளுவன், மட்டி, ரசகதலி என்று குலை குலையாகக் கிடக்கும், விலையும் முனையில் கேட்பது போல இராது. நேந்திரங்காய் சிப்ஸ் கண்ணெதிரே பொரிக்கும் கடையில், தேங்காயெண்ணெய் மணம் தெருவுக்கு வரும் இடத்தில் வாங்குங்கள். பொட்டலத்தைத் திறந்ததும் மூக்கில் காறல் அடித்தால் பழைய எண்ணெய். சூடாகக் கட்டிக் கொடுத்தால் உள்ளே வியர்த்து நமுத்துவிடும், ஆறவைத்துக் கட்டச் சொல்லுங்கள். முந்திரிக்கொத்து பெயரில் முந்திரி இருந்தாலும் உள்ளே வறுத்த சிறுபயற்று மாவும் வெல்லப்பாகும் தேங்காயும் ஏலமும். அரிசிமாவில் மூன்று மூன்றாக முக்கிப் பொரித்தெடுப்பதால் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு இருக்கும். தேங்காய் நன்றாக வறுபட்டிருந்தால் பத்து நாள் தாங்கும்.

கிராம்பு வாங்கும்போது நகத்தால் மொட்டின் அடியை அழுத்துங்கள், எண்ணெய் கசிய வேண்டும். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், அல்லது நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் எடுத்த சக்கை படுத்து மிதக்கும். கருப்பட்டியை உடைத்துப் பாருங்கள்: உடைந்த முகம் மங்கலாக இருந்தால் நல்லது, சீனி போல மினுமினுத்தால் சீனி கலந்தது.

பெண்பிள்ளைக்குப் பரதம் கற்பிக்கிறீர்கள் என்றால் வடசேரிக் கோயில் நகையை விட்டுவிடாதீர்கள். நாகர்கோவில் கோயில் நகை என்ற பெயரில் அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம், சூரியன், சந்திரன் என்று முழு செட்டாகவும் தனித்தனியாகவும் செய்வார்கள். சிவப்புக் கெம்புக் கல் வைத்தது. நகையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கையால் செய்ததில் தகடும் இணைப்பும் தெரியும். அச்சில் வார்த்ததில் பின்பக்கம் ஒரே வழுவழுப்பு, கல்லும் பசையில் ஒட்டியிருக்கும், ஆறு மாதத்தில் உதிரும். வியர்வை பட்டதும் மெல்லிய துணியால் துடைத்துப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். செண்ட் அடித்த பிறகு நகையைப் போடக் கூடாது.

மாலைப்பொழுதுக்கு முதல் விஷயம் பாதுகாப்பு. முனையில் பாறைகள் அதிகம், அடியிழுப்பும் அதிகம். படித்துறையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். காற்றே இல்லாமல், வெயில் அடிக்கும்போதே திடீரென்று பெரிய அலை ஏறிவருவதைக் கள்ளக்கடல் என்பார்கள். தெற்கே வெகுதொலைவில் வீசிய காற்றில் எழும்பிய அலை அது, உள்ளூர் வானத்தைப் பார்த்துக் கணிக்க முடியாது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கொண்டுபோனது அப்படிப்பட்ட அலைதான். எச்சரிக்கை அறிவித்த நாளில் சொத்தவிளை போன்ற அகன்ற மணற்பரப்பிலும் ஈரமணலுக்கு இறங்காதீர்கள்.

டிசம்பர் கடைசியில் சூரியன் 6.10ஐ ஒட்டி மறையும், நேராகக் கடலில் இறங்குவது முனையிலேயே தெரியும். மே, ஜூனில் சூரியன் வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் மறைவதால் அப்போது வருகிறவர்கள் ஏமாறுவார்கள். சூரியன் மறைந்த பிறகு கடைத்தெருவில் சுற்றுவதைவிடச் சுசீந்திரம் போங்கள். தாணுமாலயன் கோயில் மார்கழித் திருவிழா 10 நாள், ஆருத்ரா தரிசனத்தோடு முடியும். ஒன்பதாம் நாள் தேர். உங்கள் தேதியோடு பொருந்துகிறதா என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். பொருந்தினால் பெரிய கூட்டம், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும், பகவதி அம்மன் கோயிலிலும் அப்படியே, ஆகவே துண்டு ஒன்று இருக்கட்டும். முனையிலுள்ள அலங்கார உபகார மாதா கோயில் திருவிழாவும் டிசம்பரில்தான்.

இரண்டாம் நாளை இப்படி வைக்கலாம்: இருட்டோடு கிளம்பித் தோவாளைப் பூச்சந்தை (விடிந்து வெயில் ஏறிவிட்டால் நல்ல பூ போய்விடும்), அங்கிருந்து நாகர்கோவிலில் புட்டு, பிறகு தக்கலை பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை, திரும்பும் வழியில் மதியச் சாப்பாடு, வடசேரியில் பழமும் நகையும். அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. திங்கட்கிழமை பூட்டியிருக்கும். உங்கள் இரண்டாம் நாள் திங்களாக விழுந்தால் அரண்மனையை விட்டுவிட்டு வட்டக்கோட்டைக்குப் போங்கள், முனையிலிருந்து ஏழு கிலோமீட்டருக்குள்தான். கோட்டைச் சுவருக்குக் கீழே கறுப்பு மணலைப் பிள்ளைகள் கையில் அள்ளிப் பார்க்கட்டும், ஒரு காந்தத் துண்டு கையில் இருந்தால் அதில் கொஞ்சம் ஒட்டவும் செய்யும்.